தவளை ஒன்று, குடையுடன்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
ஆறாம் ஷரத்து.
காலண்டருக்குக்கூடவா என்றேன்.
காலண்டருக்கும்தான் என்றார் தணிகாசலம்.
கெடிலத்துப் பக்கம் மணல் சரியில்லையாம்,
பூச்சுக்கு மட்டும் எட்டு மூட்டை கூடுதலாம்.

தோட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை
அந்தப் பத்திரத்தில்.

தோட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்.
தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே
ஓர் ஆட்டோ நிற்கிற இடம்.
புதுப்பாளையத்தின் உப்புத் தண்ணீரில்
ரோஜா இரண்டு தடவை செத்தது.
சாகாத எதையாவது வைப்போமே என்றுதான்
ரெட்டிச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி
தவளையை வாங்கினேன்.

சிமென்ட் தவளை. பச்சைக் குடை பிடித்திருந்தது.
வர்ணம் பூசிய பையனுக்குக் கை நடுங்கியதோ
லாரி எதுவும் ஹாரன் அடித்ததோ
இடது கருவிழி மூக்கோரம் ஒதுங்கிவிட்டது.
அதற்காக நாற்பது ரூபாய் குறைத்தான்.
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கண்டக்டர் கேட்டார்,
இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?

அதற்கப்புறம் கை நிற்கவில்லை.
கைப்பிடி போன கெட்டிலைச் சாய்த்துக் கட்டி
அதன் மூக்கிலிருந்து நீலப் பாசிமணி ஒழுகவிட்டேன்.
கலைமாறனின் பழைய ஹெல்மெட்டில் பத்துமணிப் பூ.
(வண்டியும் அவரும் திருப்பூரில். ஹெல்மெட் என்னோடு.)
லேபில் விளிம்பு பொரிந்ததென்று ஒதுக்கிய
சோதனைக் குழாய்கள் பன்னிரண்டு, கம்பியில் கோத்து;
காற்று வந்தால் ஒன்றையொன்று குறை சொல்லும்.
பகலெல்லாம் வெயில் குடித்து
ராத்திரி எரிகிற காளான்கள் நான்கு.
எதிர்வீட்டு மெஹருன்னிசா
பிளாஸ்டிக் வாத்து ஒன்றை மதில்மேல் வைத்துப் போனாள்,
எங்க வீட்ல இடமில்ல என்று.
அவள் வீடு இதைப்போல இரண்டு மடங்கு.

கார்த்திகையில் ஆறு வந்தது.
வந்தது என்றுதான் இங்கே சொல்கிறார்கள்,
ஏதோ உறவுக்காரர் மாதிரி.
நடுநிசிக்கு மூன்றாம் படி.
கரண்ட் போய்விட்டது. ஜன்னலில் டார்ச்சோடு நின்றேன்.
கீழே, தண்ணீருக்குள்,
காளான்கள் நான்கும் எரிந்துகொண்டிருந்தன.
மங்கல் மஞ்சளாய், ஒரு குப்பி அதன்மேல் மிதந்து போயிற்று.
டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தேன்,
ஒவ்வொன்றாய் அணைகிற வரைக்கும்.

விடிந்தபோது வாத்து இல்லை.
மிதக்கத்தானே பிறந்தது, போகட்டும்.
குழாய்களில் மிச்சம் ஏழு.
ஹெல்மெட்டுக்குள் சேறும் ஒரு கெளுத்திக் குஞ்சும்.
தவளை மட்டும் வைத்த இடத்தில்,
கழுத்துவரை வண்டலில், பிடித்த குடையை விடாமல்,
ஒரு கண்ணால் ஆற்றையும்
மறு கண்ணால் தன் மூக்கையும் பார்த்துக்கொண்டு.

அதன் பக்கத்தில் கம்பத்தோடு கிடந்தது
எந்த வீட்டிலிருந்தோ வந்த தகரப் பலகை:
நாய் ஜாக்கிரதை.
மூன்று தெரு விசாரித்தேன்.
நாயே இல்லீங்களே என்றார்கள்.
ஒருவர் மட்டும்,
நாய் இருக்கு, ஆனா ஜாக்கிரதையெல்லாம் வேணாம் என்றார்.
தவளைக்கு முன்னால் நட்டுவைத்தேன்.

சேதம் பார்க்க வந்த தணிகாசலம்
கேட்டிலேயே நின்றுவிட்டார்.
நாயா? ஒன்பதாம் ஷரத்து என்னம்மா சொல்லுது?
கை காட்டினேன்.
பலகையைப் படித்தார். தவளையைப் பார்த்தார்.
மறுபடி பலகையைப் படித்தார்.
வேட்டியை ஏற்றிக் கட்டி, சேற்றில் குந்தி,
கட்டைவிரலால் அதன் இடது கண்ணைத் துடைத்தார்.
துடைத்தும் நேராகவில்லை.
கண்ணு கோணலா இருக்கே.
அதுக்கு நாப்பது ரூபா குறைச்சாங்க சார்.
முழங்கால் உயரத்துக்கு உப்பிப்போன பூச்சை
அதற்கப்புறம்தான் போய்ப் பார்த்தார்.

தை மாதம் புதுப் பத்திரம்.
ஆணி அதே ஆறாம் இடத்தில்.
கடைசிப் பக்கத்தில் வீட்டுச் சாமான்:
மின்விசிறி மூன்று. டியூப்லைட் நான்கு. மோட்டார் ஒன்று.
அதற்குக் கீழே, டைப் அடிக்காமல் பேனாவால்,
தவளை ஒன்று, குடையுடன்.

வீட்டோடு சேர்த்தாரா என்னோடு சேர்த்தாரா?
கேட்கத்தான் வாயெடுத்தேன்.
ஏற்றியிருந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றிக் கேட்டேன்.